ஒரே தாளில் பாசமும் கணக்கும்: 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேட்டுக்குடிக் கடிதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கடிதங்களைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளில்தான் வந்து நிற்கிறார்கள். அவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இங்கே. பதில்கள் ஒரே நீளத்தில் இல்லை. சொல்ல நிறைய இருக்கும் இடத்தில் நிறையச் சொல்லியிருக்கிறேன்.

யாருடைய கடிதங்கள் இவை?

வர்ஜீனியா, மேரிலாந்து, தென் கரோலினா பகுதிகளில் பெரும் பண்ணை வைத்திருந்த குடும்பங்களுடையவை. வடக்கே பாஸ்டன், நியூயார்க் பக்கம் வணிகர்கள், வழக்கறிஞர்கள் வீட்டுக் கடிதங்களும் உண்டு. இந்தக் கூட்டத்தை 'ஜென்ட்ரி' என்பார்கள். பிரபுப் பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் நிலமும் அடிமைகளும் இவர்கள் கையில். சட்டமன்ற நாற்காலியும் உள்ளூர் நீதிபதி வேலையும் இவர்கள் வீட்டை விட்டு வெளியே போகாது.

அளவு புரிய ஒரு பெயர் போதும். வர்ஜீனியாவின் ராபர்ட் கார்ட்டரை ஊரார் 'கிங்' கார்ட்டர் என்றே அழைத்தார்கள். 1732-ல் அவர் இறந்தபோது சுமார் 3 லட்சம் ஏக்கர் நிலம் அவர் பெயரில் இருந்தது. லண்டன் வியாபாரிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல்கள் இன்றும் இருக்கின்றன. புகையிலைக்கு விலை குறைந்தால் சிடுசிடுப்பு, மகன்களின் படிப்புச் செலவு கூடினால் அதற்கும் சிடுசிடுப்பு.

குடும்ப விஷயமும் வியாபாரமும் ஏன் ஒரே கடிதத்தில் கலந்து கிடக்கின்றன?

அவர்கள் வாழ்க்கையில் இரண்டும் தனித்தனியாக இல்லை என்பதுதான் காரணம். வங்கி கிடையாது. கடனுக்கு ஜாமீன் மைத்துனர். பண்ணையைப் பார்த்துக்கொள்பவர் ஒன்றுவிட்ட உறவினர். லண்டனில் சரக்கு விற்றுத் தரும் வியாபாரியேதான் அங்கே படிக்கும் பையனுக்கு மாதச் செலவுப் பணமும் கொடுப்பார். கல்யாணம் என்பது நிலமும் கடனும் கை மாறும் சங்கதி.

ஜார்ஜ் வாஷிங்டன் 1759 ஜனவரியில் மார்த்தா கஸ்டிஸ் என்ற இளம் விதவையை மணந்தார். அந்த மே 1-ஆம் தேதி லண்டனில் இருந்த ராபர்ட் கேரி நிறுவனத்துக்கு எழுதினார். மார்த்தாவின் முதல் கணவருக்குப் புகையிலை விற்றுத் தந்த நிறுவனங்களில் அது ஒன்று. கடிதத்தோடு பாதிரியார் கொடுத்த கல்யாணச் சான்றிதழை இணைத்து, இனிமேல் கஸ்டிஸ் சொத்து சம்பந்தமான கடிதங்களை என் பெயருக்கே அனுப்புங்கள் என்கிறார். புதுக் குடும்பத்துக்கு வேண்டிய சாமான்களும் கேட்கிறார்: நீலமும் வெள்ளையுமாகத் திரைச்சீலை போட்ட கட்டில், விவசாயத்தைப் பற்றி வந்ததிலேயே புதிதான நல்ல புத்தகம். கல்யாணச் செய்தி, சொத்து மாற்றம், வீட்டுச் சாமான் எல்லாம் ஒரே கடிதக் கட்டாகப் போகின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றக் கடிதங்கள் எளிதாகப் பிடிபடும்.

புகையிலை வியாபாரம் கடிதம் மூலமாக எப்படி நடந்தது?

பண்ணைக்காரர் புகையிலையைப் பெரிய மரப் பீப்பாய்களில் அடைப்பார். ஒரு பீப்பாய் சுமார் ஆயிரம் பவுண்டு எடை. கப்பல் பெரும்பாலும் ஆற்றங்கரையில் அவருடைய துறைக்கே வந்துவிடும். கப்பலில் ஏற்றியும் சரக்கு அவருடையதுதான். லண்டன் வியாபாரி அதை விற்று, சுங்கவரி, கப்பல் கூலி, கிடங்கு வாடகை, தன் கமிஷன் எல்லாவற்றையும் கழித்து மீதியை அவர் கணக்கில் வரவு வைப்பார். அந்த வரவிலிருந்தே துணி, செருப்பு, ஆணி, பீங்கான், மருந்து, குதிரைச் சேணம் வாங்கித் திரும்பும் கப்பலில் அனுப்புவார். வரவு போதாவிட்டால் கடன்.

என்ன விலைக்கு விற்றார், நியாயமாக விற்றாரா, சாமானை யாரிடம் வாங்கினார் என்பதெல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பவர் சொன்னால்தான் தெரியும். அதனால் கோபமும் கடிதத்தில்தான். 1760 செப்டம்பரில் வாஷிங்டன் எழுதுகிறார்: நல்லதும் நாகரிகமானதுமான சாமான் கேட்டால், எங்கள் பாட்டன்மார் காலத்தில் மட்டுமே உபயோகப்பட்டிருக்கக்கூடிய பொருள்களை அனுப்புகிறீர்கள். துணி தைப்பதும் தபாலில்தான். முன்பு வந்த உடைகள் குட்டையாக இருந்ததால், 1763-ல் லண்டன் தையற்காரருக்குத் தன் உடம்பையே எழுத்தில் அளந்து அனுப்புகிறார்: ஆறடி உயரம், பருமனை விட ஒல்லி என்றே சொல்லலாம், கையும் தொடையும் கொஞ்சம் நீளம்.

1764-ல் அதே கேரி நிறுவனத்துக்கு அவர் வைத்த பாக்கி சுமார் 1,800 பவுண்டு. பணம் கேட்டு நெருக்கியபோது அவர் எழுதிய பதிலில் ஒரு மானஸ்தனின் வலி தெரிகிறது. விளைச்சல் பொய்த்தது, துரதிர்ஷ்டம்தான் காரணம், என் நடத்தைக் குறை இல்லை என்று சொல்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் மவுண்ட் வெர்னான் பண்ணையில் புகையிலையை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்டார். பின்னாளில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டவர்கள் பலரிடம் இப்படி ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. போருக்கு அதுவே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கசப்பு எங்கே ஊறியது என்று பார்க்க இந்தக் கடிதங்களைவிட நல்ல இடம் இல்லை.

கடலைத் தாண்டிப் பணம் எப்படிப் போனது?

உண்டியல் மூலம். செட்டிநாட்டுப் பக்கம் உண்டியல் என்றால் என்னவென்று தெரியும் அல்லவா, கிட்டத்தட்ட அதேதான். லண்டனில் என் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று எழுதிய சீட்டு. ஒரே சீட்டை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என மூன்று படிகள் எழுதி வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். எது முன்னால் சேர்கிறதோ அதற்குப் பணம், மற்றவை செல்லாது. லண்டன்காரர் கொடுக்க மறுத்துவிட்டால் சீட்டு திரும்பிவரும், அபராதமும் சேரும், ஊரில் பேரும் கெடும்.

ஒரு கடிதம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?

அட்லாண்டிக்கைக் கடக்க ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை. காற்று மேற்கிலிருந்து வீசுவதால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வருவதுதான் கூடுதல் நேரம் பிடிக்கும். போர்க் காலத்தில் கப்பல் பிடிபடலாம். அதனால் முக்கியமான கடிதங்களையும் இரண்டு மூன்று படியெடுத்து வேறு வேறு கப்பலில் அனுப்பினார்கள். இந்தக் கடிதத்தின் முதல் படியை இன்ன கேப்டனிடம் கொடுத்திருக்கிறேன் என்று தொடங்கும் கடிதங்கள் ஏராளம்.

தாமதம் மனிதர்களை என்ன செய்தது என்பதற்கு, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 1784-ல் அவர் பாரிஸ் போனபோது இரண்டு வயது லூசியை வர்ஜீனியாவில் மனைவியின் தங்கை எலிசபெத் எப்பஸ் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அக்டோபரில் கக்குவான் இருமலில் குழந்தை இறந்தது. சித்தி உடனே எழுதினார். ஆனால் சேதி பாரிசுக்கு 1785 ஜனவரியில்தான் தெரிந்தது, அதுவும் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாஃபாயெட் கொண்டுவந்த ஒரு மருத்துவரின் கடிதம் மூலமாக. சித்தியின் கடிதமோ மே மாதம் வந்தது. குழந்தை போய் ஏழு மாதம் கழித்து, ஈரம் காயாத துக்கத்தோடு எழுதிய கடிதத்தை அந்தத் தகப்பன் பிரித்துப் படித்திருக்கிறார்.

தபால்துறை இருந்ததா? செலவு யாருடையது?

இருந்தது. 1710-ல் பிரிட்டிஷ் சட்டம் அன்று பிரிட்டன் கையில் இருந்த அமெரிக்கக் காலனிகளுக்கும் தபால் விதிகளைக் கொண்டுவந்தது. 1753 முதல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வில்லியம் ஹண்டரும் சேர்ந்து அதை நடத்தினார்கள். இரவிலும் குதிரை ஓட்டித் தபால் கொண்டுபோகும் ஏற்பாடு ஃபிராங்க்ளின் காலத்தில் வந்தது. அரசியல் காரணத்தால் 1774-ல் அவரை நீக்கினார்கள். 1775 ஜூலையில் காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் சொந்தமாகத் தபால்துறை தொடங்கி அவரையே தலைவராக்கியது.

கட்டணம் பெரும்பாலும் பெறுபவர் தலையில் விழும். எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று பார்த்து வசூலிப்பார்கள். ஆகவே பணக்காரர்கள்கூட முடிந்தவரை தெரிந்தவர் கையில்தான் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கப்பல் கேப்டன், வழிப்போக்கர், உறவினர், அடிமை ஆள் என யார் போனாலும் கூடவே கடிதமும் போகும். கடிதம் கொண்டுவந்தவர் காத்திருக்கிறார், ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன் என்று பல கடிதங்கள் அவசரமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

என்ன மை, என்ன தாள், உறை உண்டா?

உறை பெரும்பாலும் கிடையாது. எழுதிய தாளையே மடித்து, எழுதாத பக்கம் வெளியே வரும்படி வைத்து, அங்கே முகவரி எழுதி, அரக்கு முத்திரையோ மாவுப் பசையில் செய்த சின்ன வில்லையோ ஒட்டிவிடுவார்கள். கந்தல் துணியில் செய்த தாள். வாத்து இறகுப் பேனா. மை என்பது மாசிக்காயும் அன்னபேதியும் பிசினும் சேர்த்துக் காய்ச்சியது. எழுதும்போது வெளிறியிருந்து போகப் போகக் கறுக்கும். பல ஆண்டுகளில் பழுப்பாகிவிடும், சில தாள்களில் எழுத்திருந்த இடத்தையே அரித்திருக்கும்.

அனுப்பிய கடிதம் எப்படி எழுதியவர் வீட்டிலேயே கிடைக்கிறது?

நகல் புத்தகம் வைத்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன் அல்லது பின், தடிமனான ஒரு நோட்டில் கடிதத்தை அப்படியே எழுதிவைப்பார்கள். கணக்குத் தகராறு வந்தால் அதுதான் சாட்சி. 1780-ல் ஜேம்ஸ் வாட், ஆமாம், நீராவி இயந்திரத்தின் வாட், ஈரத்தாளை அழுத்தி நகல் எடுக்கும் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஜெஃபர்சன் அதை விரும்பிப் பயன்படுத்தினார். 1783 முதல் 1826-ல் இறக்கும்வரை எழுதியதையும் வந்ததையும் தேதிவாரியாகப் பதிவும் செய்தார்.

பெண்கள் வியாபாரக் கடிதம் எழுதினார்களா?

எழுதினார்கள். நான் முதலில் படிக்கச் சொல்வது எலைசா லூகஸின் நகல் புத்தகத்தைத்தான். 1739-ல் தொடங்குகிறது. அப்பா ஜார்ஜ் லூகஸ் ராணுவ அதிகாரி. போர் மூண்டு அவர் ஆன்டிகுவா தீவுக்குத் திரும்பவேண்டி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அருகே வாப்பூவில் குடியிருந்துகொண்டு மூன்று பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பதினாறு பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது.

அப்பாவுக்கு எழுதும் கடிதங்களில் அவர் நீலச் சாயம் தரும் அவுரி, இஞ்சி, பருத்தி, குதிரைமசால் எல்லாம் போட்டுப் பார்ப்பதைச் சொல்கிறார். அவுரிமேல்தான் அதிக நம்பிக்கை, விதை அடுத்த ஆண்டு கொஞ்சம் முன்னதாக வந்தால் நல்லது என்கிறார். பனி ஒரு விளைச்சலைக் கெடுத்தது. சாயம் எடுக்கத் தெரிந்தவன் என்று அப்பா மான்ட்செராட் தீவிலிருந்து குரோம்வெல் என்ற ஆளை அனுப்பினார். தன் தீவின் தொழிலுக்கு இங்கே போட்டி வந்துவிடும் என்று அந்த ஆளே சுண்ணாம்புத் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றி நிறத்தைக் கெடுத்தான். இதைப் பல ஆண்டுகள் கழித்துத் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். 1744-ல் ஒருவழியாக நல்ல விளைச்சல். பெரும்பகுதியை விதைக்கு விட்டு அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார். 1740-களின் முடிவுக்குள் கரோலினா ஆண்டுக்கு ஒரு லட்சம் பவுண்டு எடைக்கு மேல் அவுரிச் சாயம் ஏற்றுமதி செய்தது. பிரிட்டிஷ் அரசு பவுண்டுக்கு ஆறு பென்ஸ் ஊக்கத்தொகையும் கொடுத்தது. சுதந்திரப் போருக்குப் பிறகு அந்தத் தொகை நின்றுபோனது, இந்திய அவுரி லண்டன் சந்தையைப் பிடித்துக்கொண்டது.

சாயத்தொட்டிகளைக் கட்டியது குவாஷ் என்ற அடிமைத் தச்சர். 1750-ல் அவர் விடுதலை பெற்றார். எலைசாவின் பெயர் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. தொட்டியில் இறங்கி நாற்றத்தில் நின்று கலக்கியவர்களின் பெயர்கள் இல்லை.

அதே புத்தகத்தில் கல்யாணப் பேச்சும் இருக்கிறது. அப்பா இரண்டு வரன்களைச் சொல்ல, மகள் மரியாதையாக, ஆனால் அழுத்தமாக மறுக்கிறார். அவர்களில் ஒரு முதிய கனவானைப் பற்றி, பெருவிலும் சிலியிலும் உள்ள செல்வத்தையெல்லாம் சேர்த்துக் கொடுத்தாலும் அவரைக் கணவராக ஏற்கும் அளவுக்கு மதிப்பு எனக்கு வராது என்கிறார். வயது பதினெட்டுக்குள். அப்பாவுக்குக் கீழ்ப்படிந்த மகள் என்றே கையெழுத்திடுகிறார். பணிவும் பிடிவாதமும் ஒரே பக்கத்தில் இப்படி நிற்பதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. பிற்பாடு 1744-ல் தன் விருப்பப்படி சார்ல்ஸ் பிங்க்னியை மணந்தார். 1758-ல் கணவர் இறந்தபோது இரண்டு மகன்களும் இங்கிலாந்தில் பள்ளியில் இருந்தார்கள். அப்பா போன சேதியைப் பிள்ளைகளுக்கு அம்மா கடிதத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதன் நகலும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அரிசி வியாபாரக் கடிதங்களுக்கு நடுவே.

வடக்கே அபிகெயில் ஆடம்ஸ். பண்ணைக் குடும்பம் அல்ல, வழக்கறிஞர் வீடு. பின்னாளில் ஜனாதிபதியான கணவர் ஜான் ஐரோப்பாவில் தூதராக இருந்தபோது, அங்கிருந்து கைக்குட்டை, ரிப்பன், தேநீர் போன்ற சரக்குகளை அனுப்பச் சொல்லி மாசசூசெட்ஸில் விற்று வீட்டை நடத்தினார். கணவருக்கு நிலம் வாங்க ஆசை. மனைவியோ அரசுக் கடன் பத்திரம்தான் லாபம் என்று வாதாடி வாங்கினார். மனைவியின் சொத்தெல்லாம் சட்டப்படி கணவனுக்கே என்று இருந்த காலம் அது. 1776 மார்ச் 31 அன்று, புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அவர் எழுதிய வரி எல்லோருக்கும் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் வரவுசெலவு தெரிந்த ஒரு பெண் இருந்தார் என்பதும் தெரியவேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன எழுதினார்கள்?

பெரும்பாலும் அறிவுரை. ஜெஃபர்சன் மனைவியை 1782-ல் இழந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் பதினோரு வயது மகள் மார்த்தாவுக்கு ஒரு கால அட்டவணை அனுப்புகிறார். எட்டு முதல் பத்து வரை இசை. பத்து முதல் ஒன்று வரை ஒரு நாள் நடனம், மறுநாள் ஓவியம். ஒன்று முதல் இரண்டு வரை, நடனமாடிய நாளில் ஓவியம், மற்ற நாளில் கடிதம் எழுதுவது. மூன்று முதல் நான்கு வரை பிரெஞ்சு. நான்கு முதல் ஐந்து மறுபடி இசை. அப்புறம் தூங்கும்வரை ஆங்கிலம். ஒரு சொல்லைக்கூடப் பிழையாக எழுதாதே, சந்தேகம் வந்தால் அகராதியைப் பார் என்றும் சொல்கிறார். கண்டிப்பான கடிதம்தான். தாயில்லாப் பிள்ளையை வேறு ஊரில் விட்டுவிட்டு, தன் கை எட்டாத ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுத்தால் நிரப்பப் பார்க்கும் ஒரு அப்பாவைத்தான் நான் அதில் பார்க்கிறேன்.

மேரிலாந்தின் கத்தோலிக்கக் குடும்பமான கேரல்களின் கதை இன்னும் நீளம். மேரிலாந்தில் கத்தோலிக்கர்களுக்குச் சொந்தப் பள்ளி நடத்தத் தடை. அதனால் 1748-ல் சின்னப் பையனாக இருந்த சார்ல்ஸ் கேரலைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். படி, கணக்கு வைக்கக் கற்றுக்கொள், சட்டம் தெரிந்துகொள் என்று அப்பாவின் கடிதம் தொடர்ந்து வரும். 1761-ல் அம்மா இறந்தார். மகன் ஊர் திரும்பியது 1765-ல். அம்மாவைக் கடிதத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை, பிறகு சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார்.

கணவன் மனைவி கடிதங்கள் ஏன் அவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன?

எரித்துவிட்டார்கள். வாஷிங்டன் 1799-ல் இறந்த பிறகு மார்த்தா தங்களுக்குள் எழுதிய கடிதங்களைத் தீயில் போட்டார். தப்பியவை மிகச் சில. ஜெஃபர்சனுக்கும் அவர் மனைவிக்கும் இடையே போன கடிதம் ஒன்றுகூட இல்லை.

வாஷிங்டன் மனைவிக்கு எழுதியவற்றில் தப்பிய இரண்டு 1775 ஜூன் மாதத்தவை. மார்த்தாவின் மேசைக்குள் எங்கோ சிக்கிக் கிடந்து பேத்தி கைக்கு வந்தவை. முதல் கடிதம் ஜூன் 18-ஆம் தேதி. படைத்தலைவராக நியமித்திருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை, உன் கவலைதான் என் கவலை என்று தொடங்குகிறது. உயில் எழுதச் சொல்லிவிட்டேன், வழக்கறிஞர் எட்மண்ட் பெண்டில்டன் எழுதித் தந்தார் என்று நடுவில் வருகிறது. பின்குறிப்பில், மிக அழகான மஸ்லின் என்று சொன்னார்கள், உனக்கு இரண்டு உடைக்கு வாங்கியிருக்கிறேன், பிடிக்கும் என்று நம்புகிறேன், உடைக்கு ஐம்பது ஷில்லிங், கெஜம் இருபது ஷில்லிங் என்று விலையோடு எழுதுகிறார். போருக்குப் போகிறவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் துணியின் கெஜ விலை! எனக்கு இதில் கொஞ்சமும் அன்புக் குறைவு தெரியவில்லை. அவர்கள் அன்பைச் சொன்ன மொழியில் விலையும் சேர்ந்திருந்தது.

துணி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் காலத்து மஸ்லினும் சீட்டித்துணியும் பெரும்பாலும் இந்தியச் சரக்கு. சோழமண்டலக் கரையில் சாயம் போட்ட சீட்டி லண்டன் போய், அங்கிருந்து அமெரிக்கா போகும். பிரிட்டனுக்குள் அதை விற்கத் தடை இருந்தபோதும் காலனிகளுக்கு மறுஏற்றுமதி செய்யத் தடை இல்லை.

அடிமைகளைப் பற்றி இந்தக் கடிதங்கள் என்ன சொல்கின்றன?

நிறையச் சொல்கின்றன, பெரும்பாலும் சொல்லவேண்டும் என்று நினைக்காமலே. இதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கடிதங்களின் அழகை மட்டும் பேசுவது தப்பு என்பது என் உறுதியான கருத்து.

1766 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ஜோசப் தாம்சன் என்ற கப்பல் கேப்டனுக்கு எழுதினார். இந்தக் கடிதத்தோடு டாம் என்ற ஆள் வருகிறான், கரீபியன் தீவுகளில் எதில் என்ன விலை கிடைத்தாலும் விற்றுவிடுங்கள். பதிலுக்குக் கொண்டுவர வேண்டியவை: நல்ல வெல்லப்பாகு ஒரு பீப்பாய், நல்ல ரம் ஒரு பீப்பாய், மலிவாகக் கிடைத்தால் எலுமிச்சை ஒரு பீப்பாய், சுமார் பத்து பவுண்டு புளி ஒரு பானை, இனிப்பு ஊறல் இரண்டு சின்னப் பானை. மீதிப் பணத்துக்குப் பழைய மது. டாம் ஓடிப்போகிறவன், ஆனால் ஆரோக்கியமானவன், மண்வெட்டி வேலையில் கெட்டிக்காரன், கடலுக்குப் போகும்வரை கைவிலங்கு போட்டு வைப்பது நல்லது என்றும் எழுதுகிறார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. லண்டனுக்குக் கட்டில் திரைச்சீலை கேட்டவர் எழுதிய அதே நடை. ஒரு மனிதன் ஒரு பானை புளியாக மாறுவதை நாம் கண்ணால் பார்க்கிறோம். டாமின் மனைவி, மக்கள், பயம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இன்னொரு வகையும் உண்டு. சார்ல்ஸ்டனின் ஹென்றி லாரன்ஸ் அடிமை வியாபாரத்தில் பெரும்பணம் பார்த்தவர். அவர் கூட்டு நிறுவனம் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை விற்றது. 1776 ஆகஸ்ட் 14 அன்று லண்டனில் இருந்த மகன் ஜானுக்கு, அடிமைமுறையை நான் வெறுக்கிறேன் என்று உனக்குத் தெரியும் என்று எழுதுகிறார். அதே கடிதத்தில் தன் அடிமைகளை நாளைக்கு ஏலம் விட்டால் 20,000 பவுண்டு தேறும் என்றும் கணக்குப் போடுகிறார். மகன் அதை வெறும் பேச்சாக விடவில்லை. அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை கொடுக்கவேண்டும் என்று போராடி, 1782-ல் ஒரு சண்டையில் இறந்துபோனார். தந்தை கொஞ்சம் பேரைத்தான் விடுவித்தார்.

1781-ல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் மவுண்ட் வெர்னான் வந்தபோது 17 அடிமைகள் அதில் ஏறித் தப்பினார்கள். பண்ணையைப் பார்த்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டன் அவர்களைத் திரும்பப் பெற எண்ணிக் கப்பலுக்கு உணவுப்பொருள் கொடுத்தார். செய்தி கேட்ட ஜார்ஜ், வீட்டை எரித்துப் பண்ணையை நாசமாக்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது என்று லண்டுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை வாஷிங்டனின் மானத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் முக்கியம் அந்த 17 பேர். அவர்கள் எழுதிய கடிதம் இல்லை. அவர்கள் கப்பல் ஏறியதே அவர்கள் சொன்ன பதில்.

அடிமைகளே எழுதிய கடிதங்கள் ஏன் கிடைப்பதில்லை?

எழுத விடவில்லை. தென் கரோலினாவின் 1740 சட்டம் அடிமைக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பவருக்கு 100 பவுண்டு அபராதம் என்றது. வாசிக்கச் சொல்லிக் கொடுக்க அந்தச் சட்டத்தில் தடை இல்லை. எலைசா லூகஸ் இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது இந்த இடைவெளிக்குள்தான்.

கடன் தலைமுறை தாண்டியும் போகுமா?

போனது. ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் 1773-ல் இறந்தபோது நிலத்தோடும் அடிமைகளோடும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்கான பெரும் பாக்கியும் மருமகன் வீட்டுக்கு வந்தது. அடைக்க நிலத்தை விற்றார். வாங்கியவர்கள் கொடுத்ததோ போர்க்காலத்தில் மதிப்பிழந்த காகிதப் பணம். கடன் கொடுத்தவர்கள் அதை ஏற்கவில்லை. இந்தப் பாக்கிகள் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் பல தலைமுறை இறங்கி, பண்ணைக்காரர்களே லண்டன் வணிக நிறுவனங்களோடு ஒட்டிய ஒருவகைச் சொத்தாகிவிட்டார்கள் என்று அவரே பிறகு எழுதினார்.

கடிதத்தை வேறு யாரும் பிரித்துப் படிக்கமாட்டார்களா?

படிப்பார்கள். 1775 ஜூலையில் ஜான் ஆடம்ஸ் மனைவிக்கும் ஒரு நண்பருக்கும் எழுதிய கடிதங்களைக் கொண்டுபோன இளைஞரைப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். காங்கிரஸ் சகாவான ஜான் டிக்கின்சனை அற்ப மேதை என்கிற மாதிரி ஏளனம் செய்த வரிகள் பத்திரிகையில் அச்சாகிவிட்டன. அதன்பின் டிக்கின்சன் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். பலர் பெயர்களைச் சுருக்கியும் சங்கேத எண் வைத்தும் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

சில கடிதங்களில் 1731/32 என்று இரண்டு ஆண்டு போட்டிருக்கிறதே?

1751 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரை உள்ள நாள்களுக்குக் குழப்பம் வராமல் இரண்டையும் எழுதினார்கள். 1752-ல் நாள்காட்டியை மாற்றியபோது 11 நாள்கள் தாண்டிப் போயின. வாஷிங்டன் பிறந்தது பழைய கணக்கில் 1731/32 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இதைத் தெரிந்துகொள்ளாமல் படித்தால் பதில் கடிதம் கேள்விக்கு முன்னாலேயே வந்ததுபோலத் தெரியும்.

எங்கே படிக்கலாம், எப்படித் தொடங்கலாம்?

வாஷிங்டன், ஜெஃபர்சன், ஆடம்ஸ், ஃபிராங்க்ளின் முதலானோரின் கடிதங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜானும் அபிகெயிலும் எழுதிக்கொண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களை மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் கையெழுத்துப் படங்களோடே பார்க்கலாம்.

முதலில் பெரிய அரசியல் கடிதங்களுக்குப் போகாதீர்கள். ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஆண்டில் போனதையும் வந்ததையும் வரிசையாகப் படியுங்கள். சாமான் பட்டியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அதுதான் காட்டும். வாஷிங்டன் வீட்டுப் பட்டியலில் மார்த்தாவின் பிள்ளைகளுக்கான பொம்மைகளும் வாசிக்கப் பழகும் சின்னப் புத்தகங்களும் வரும். அதே பட்டியல்களில் பண்ணை ஆட்களுக்கான முரட்டுத் துணியும் மண்வெட்டியும் வரும். பழைய கையெழுத்தில் நடுவில் வரும் நீண்ட எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும். இரண்டு மூன்று பக்கம் போனால் கண் பழகிவிடும்.